மூணு மணி நேரம் ஏறிப் போனால் மேலே ஒன்றுமே தெரியவில்லை, உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மூன்றேகால் மணி நேரம் ஏறினேன். கடைசி அரை மணி நேரம் தவழாத குறைதான். அப்படிப் போய் உச்சியில் இருக்கிற காட்சிமுனையில் நான் பார்த்தது வெள்ளை. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலு புல் நுனி தெரிந்தது, அதற்கப்புறம் உலகமே இல்லை. கீழே கிளம்பும்போது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்ததால்தான் எரிச்சல் இன்னும் கூடிப்போனது.

தப்பு என் பேரிலும் இருக்கிறது. வரைபடத்தில் 6 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. நான் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவன், ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்து ஒன்பது மணிக்கு மேல் சாவகாசமாகக் கிளம்பினேன். இடையில் 900 மீட்டர் ஏற்றம் இருப்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நைஸ்மித் என்று ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் தனியாக இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் நிற்காமல் நடந்தாலே எனக்கு 2 மணி 42 நிமிடம் ஆகும். நானோ பத்து இடத்தில் நின்றேன்.

பாதி வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் "இன்னும் எவ்வளவு தூரம்ங்க?" என்று கேட்டேன். "இந்தா, கூப்பிடு தூரம்தான் தம்பி" என்றார். அந்தக் கூப்பிடு தூரத்தைக் கடக்க எனக்கு ஒன்றரை மணி நேரம். அதில் மூன்று தடவை உச்சி வந்துவிட்டது என்று நம்பி ஏமாந்தேன். சரிவு வயிறு மாதிரி புடைத்திருந்தால் கண்ணுக்குத் தெரிகிற மேடுதான் உச்சி போலத் தோன்றும், அங்கே போய் நின்றால் பின்னால் இன்னொன்று எழுந்து நிற்கும். கிளம்பும்போது அந்தப் பெரியவர் "மேகம் இறங்குது, மேல போயி என்னத்தப் பாக்கப் போற" என்றும் சொன்னார். காதில் வாங்கவில்லை.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ பக்கத்தில் மாட்டு மணி கேட்டது, மாடு தெரியவில்லை. இறங்கிவிட்டேன். இதே மாதிரி வெறுங்கண்ணோடு திரும்பியவர்கள் எழுதுங்கள். 'ஆஹா என்ன காட்சி' வகைப் பதிவுகள் வேண்டாம், அவை வேண்டிய மட்டும் இருக்கின்றன.

* * *

ஒன்பது மணிக்குக் கிளம்பினீர்கள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டீர்கள். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகும், அதை ஒட்டிய காற்று மேலே ஏறும், ஏறுகிற காற்று 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வீதம் குளிரும், ஒரு உயரத்துக்கு மேல் அதிலிருக்கிற ஈரம் தாங்காமல் மேகமாகிவிடும். நீங்கள் 'பனிமூட்டம்' என்று நினைத்தது கீழே இருப்பவர்களுக்கு மலைத் தலையில் உட்கார்ந்த மேகம்.

நான் கிளம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுவேன். வானிலைச் செயலியில் வெப்பநிலையும் பனிநிலையும் (காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதன் ஈரம் துளியாகத் தொடங்குமோ அது) இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி நாம் நிற்கிற இடத்துக்கு மேலே எத்தனை மீட்டரில் இருக்கும் என்று தோராயமாகக் கிடைக்கும். 30 டிகிரி, பனிநிலை 22 என்றால் 8 பெருக்கல் 125, அதாவது 1000 மீட்டர். உங்கள் 900 மீட்டர் உச்சிக்கு அன்றைக்கு அந்த வித்தியாசம் 7 டிகிரிக்குக் குறைவாக இருந்திருந்தால் போச்சு. காற்று வேறு பக்கத்திலிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருகிற நாளில் இந்தக் கணக்கு உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலையில் போனால் எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். அது வேறு மாதிரி ஏமாற்றும். ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும், மூடுபனி அங்கே கட்டும். நாலு மணிக்கு ஹெட்லைட் கட்டிக்கொண்டு ஏறினேன், மேலே நட்சத்திரம் அள்ளிக் கொட்டியிருந்தது, விடிந்தால் கீழே ஏரியும் இல்லை வயலும் இல்லை, வெண்பஞ்சுக் கடல். படம் நன்றாக வந்தது. ஆனால் நான் போனது ஏரியைப் பார்க்க!

* * *

மேகமாவது கலைந்துவிடும். என் முழங்கால்? ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறினேன், இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் உடம்புப் பாரம் முழுக்கத் தொடையில் வந்து இறங்கியது, மறுநாளைவிட இரண்டாம் நாள்தான் மாடிப்படி இறங்கவே முடியவில்லை. ஊன்றுகோலைக் கிழவர்கள் சமாசாரம் என்று கேலி செய்தவள் நான். இப்போது இரண்டு வைத்திருக்கிறேன்.

* * *

எனக்கு நடந்தது நேர்மாறு, ஒன்றும் தெரியாத இடத்தில்தான் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். சாயங்காலம், நானும் தோழியும் முகட்டில் நிற்கிறோம், முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த சூரியன், எதிரே சரிவு முழுக்க மேகம். திடீரென்று அந்த மேகத்துக்குள் ஒரு பெரிய கறுத்த உருவம், தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம். பயத்தில் நான் கையைத் தூக்கினேன், அதுவும் தூக்கியது. அப்போதுதான் என் நிழல் என்று புரிந்தது.

அப்புறம் ஒரு சண்டை. "வளையம் என் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது, உனக்கு இல்லை" என்கிறேன் நான், "பொய் சொல்லாதடி, எனக்குத்தான் இருக்கு" என்கிறாள் அவள். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் இருவருமே உண்மை சொன்னோம் என்று தெரிந்தது. மேகத்துளிகள் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் அவரவர் தலையைச் சுற்றி மட்டும்தான் அவரவருக்கு வளையம் தெரியுமாம். ஜெர்மனியில் 1141 மீட்டர் உயரமுள்ள புரோக்கன் மலையின் பெயரால் இதைப் 'புரோக்கன் பூதம்' என்கிறார்கள். சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் இரண்டு வாரம் தங்கியிருந்தபோது இந்த வளையங்களில் சொக்கிப்போய், அதைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்கக் கிளம்பி, கடைசியில் துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையைக் கட்டி 1927இல் நோபல் பரிசு வாங்கினார். நாங்கள் சண்டை மட்டும் போட்டோம்.

* * *

நான் எழுதுவது கொஞ்சம் சீரியஸ். மேகத்துக்குள் இறங்கும்போது வழி தவறினேன். அகலமான புல்வெளி முகடு, நாலு பக்கமும் ஒரே மாதிரி, குறுக்கும் நெடுக்கும் மாட்டுத் தடங்கள். போனில் டவர் இல்லை. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, அது செயற்கைக்கோளைப் பார்த்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வரைபடத்தை நான் முன்கூட்டியே இறக்கி வைக்கவில்லை. வெறும் சாம்பல் கட்டத்தில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி நான்தான் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஓடையைப் பிடித்துப் போனால் எப்படியும் ஊர் வரும் என்று அடுத்த முட்டாள்தனம். ஓடைக்குக் குதிக்கத் தெரியும், எனக்குத் தெரியாதே. பாறை வெட்டுப்பட்ட மாதிரி முடிந்து தண்ணீர் மட்டும் கீழே போன இடத்தில் நின்றேன். திரும்ப ஏறி, விசிலை எடுத்து நிமிடத்துக்கு ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிடம் சும்மா, மறுபடி ஆறு என்று ஊதினேன். மலைகளில் ஆபத்துக்கு அதுதான் சைகை, கேட்டவர்கள் மூன்று தடவை பதில் கொடுப்பார்கள். எனக்குப் பதில் கொடுத்தது ஒரு நாய். குரைத்த திசையில் மெதுவாகப் போனேன், பின்னாலேயே மாடு மேய்ப்பவர் வந்தார். அவர் சொல்லிக் கொடுத்தது இன்றைக்கும் உதவுகிறது: ஆள் நடக்கிற தடத்தில் கொப்பு முகத்தில் அடிக்காது, மாட்டுத் தடம் என்றால் கால் வைக்க இடம் இருக்கும், நெஞ்சுயரத்தில் புதர் மூடியிருக்கும்.

* * *

பலகை வைத்த காட்சிமுனைகளையே நான் விட்டுவிட்டேன். 900 மீட்டர் உயரத்தில் நின்றால் கணக்குப்படி தொடுவானம் 107 கிலோமீட்டரில் இருக்கும், தூசும் புகையும் சேர்ந்த நாளில் இருபது தெரிந்தால் அதிர்ஷ்டம். நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் போங்கள், பாதி மலையில் ஒரு பாறை போதும்.

* * *

முதலில் எழுதிய நான்தான். எல்லோருக்கும் நன்றி. மழை விட்ட மறுநாள், விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கிளம்பி மறுபடி போனேன். தெரிந்தது. எல்லாம் தெரிந்தது, அதை விவரிக்கவில்லை, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே.

இறங்கும்போது அதே பெரியவர் அதே இடத்தில் நின்றார். "கூப்பிடு தூரம்னு சொல்லி ஒன்றரை மணி நேரம் ஏற விட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, நான் இறங்கி வந்த முகட்டைப் பார்த்து நீளமாக ஒரு குரல் கொடுத்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மேலேயிருந்து, யாரோ ஒருவர், அதே நீளத்துக்குப் பதில் குரல் கொடுத்தார்.