பைக் சீட் கவர் வெட்டும் மிஷினில் பீஸ் சிறுத்து வருகிறது, மூலையும் சேரவில்லை. எதைப் பார்க்கலாம்?

வண்ணார்பேட்டை சீட்கவர்:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். வண்ணார்பேட்டையில் பைக் சீட் கவர், ஆட்டோ சீட், சீசனுக்கு ஸ்கூல் பேக் என்று தொழில். இதுவரைக்கும் அட்டை அச்சை ரெக்சின் மேல் வைத்து பேனாவால் சுற்றி வரைந்து கத்தரியால் வெட்டித்தான் ஓட்டினோம். ஜூன் மாதம் வந்தால் கை போதவில்லை என்பதால் திருப்பூர் பக்கம் ஒரு யூனிட்டில் இருந்து பழைய பிளாட்பெட் கட்டிங் மிஷின் எடுத்தோம். அதிர்ந்து வெட்டும் ஆசிலேட்டிங் கத்தி, கீழே சரக்கை உறிஞ்சிப் பிடிக்க வேக்கம், பெட் மேல் ஃபெல்ட் விரிப்பு. படம் வரைவது இங்க்ஸ்கேப்பில், அதை டிஎக்ஸ்எஃப் என்கிற வரைபட ஃபைல் ஆக்கி மிஷினோடு வந்த சாப்ட்வேருக்குக் கொடுத்தால் அது பிஎல்டி ஃபைல் போட்டு மிஷினுக்கு அனுப்பும்.

பிரச்சினை இதுதான். 500 மில்லிமீட்டர் என்று வரைந்தால் ரெக்சினில் ஒரு தடவை 492 வருகிறது, இன்னொரு தடவை 488 வருகிறது. கவரை ஃபோம் மேல் இழுத்து மாட்டவே முடியவில்லை, பலமாக இழுத்தால் தையல் வாயைப் பிளக்கிறது. அது போக மேல் பீஸை ரோல் நீளவாக்கில் வைத்து வெட்டி, சைடு பட்டையைக் குறுக்கே வைத்து வெட்டினால் இரண்டும் தையலில் சேர மாட்டேன் என்கிறது. மூலைகளிலும் கத்தி தொடங்கின இடமும் முடிந்த இடமும் ஒட்டாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது, கையால் பிய்த்துத்தான் பீஸை எடுக்கிறோம். விற்றவரிடம் போனில் கேட்டால் “ஸ்கேலை 102 ஆக்கிக்கோங்க, சரியாயிரும்” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, இன்னும் அதில் கை வைக்கவில்லை. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கத்தரிக்காரன்:

கத்தரியே போதும்வே. கரண்டு பில்லும் கிடையாது, சாப்ட்வேரும் கிடையாது.

பேட்டை பிளாட்டர்:

மேலே சொன்னவரை விடுங்கள் தம்பி, அவர் எல்லா இழையிலும் இதையேதான் சொல்லுவார்.

ஸ்கேல் 102 ஆக்காதது நல்லது. நீங்கள் சொன்னது ஒரு கோளாறு இல்லை, மூன்று கோளாறு ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிகிறது, அதனால்தான் எண் ஒரு நிலையில் நிற்கவில்லை. முதலில் ரெக்சினை ஓரமாக வையுங்கள். கத்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேனாவை மாட்டுங்கள், பெட் மேல் சார்ட் பேப்பரை டேப் போட்டு ஒட்டுங்கள். 500 மில்லி சதுரம் ஒன்று, 100 மில்லி சதுரம் ஒன்று வரைய விடுங்கள். துணி அளக்கும் டேப்பால் அளக்க வேண்டாம், அது இழுபட்டிருக்கும், ஸ்டீல் ஸ்கேலால் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். பேப்பர் சுருங்காது, பேனாவுக்கு வெட்டு முனையும் கிடையாது, ஆகவே பேப்பரில் வருகிற தப்பு ஃபைலுடையது அல்லது மிஷினுடையது மட்டும்தான். பேப்பரில் சரியாக வந்து ரெக்சினில் தப்பினால் கத்தியையும் சரக்கையும் பார்க்கலாம்.

வண்ணார்பேட்டை சீட்கவர்:

செய்து பார்த்தேன் அண்ணாச்சி. பெரிய சதுரம் நீளம் 492, அகலமும் 492. சின்னது இரண்டு பக்கமும் 98 தாண்டி ஒரு அரைக்கோடு. ரெக்சினில் மாதிரி 488 எல்லாம் வரவில்லை, எத்தனை தடவை போட்டாலும் அதே 492தான்.

பேட்டை பிளாட்டர்:

அருமை, பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்து மோட்டாரின் பல்ஸ் செட்டிங், பெல்ட் தளர்ச்சி என்று தேடப் போயிருப்போம். இங்கே இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைகிறது, பெரிய சதுரத்தில் 8, சின்னதில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல், அதாவது விகிதத்தில் குறைகிறது. விகிதத்தில் குறைந்தால் அது அலகுக் குழப்பம். 492-ஐ 500-ஆல் வகுத்தால் 0.984 வரும், அந்த எண்ணைப் பார்த்ததுமே பிளாட்டர்காரனுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பிஎல்டி ஃபைலில் இருப்பது எச்பிஜிஎல் என்கிற மொழி, ஹ்யூலெட் பேக்கார்டு கம்பெனி தன் பேனா பிளாட்டர்களுக்காக உண்டாக்கினது. அதில் ஒரு அலகு என்றால் 0.025 மில்லி, ஒரு மில்லிக்கு 40 அலகு, ஓர் இஞ்சுக்கு 1016. சில சாப்ட்வேரில் இஞ்சுக்கு 1000 என்றும் ஒரு தேர்வு இருக்கும், அப்போது ஓர் அலகு 0.0254 ஆகிவிடும். எழுதுகிறவன் 1000 என்று எழுதி, படிக்கிறவன் 1016 என்று படித்தால் 500 மில்லி 492 ஆகும்.

உறுதி செய்ய வேண்டுமென்றால் அந்த 500 சதுரத்தின் பிஎல்டி ஃபைலை நோட்பேடில் திறங்கள். பியு, பிடி என்று இரண்டிரண்டு எழுத்தும் பக்கத்தில் எண்களும் வரிசையாக இருக்கும். பியு என்றால் பேனா மேலே, பிடி என்றால் பேனா கீழே. மூலைக்கு மூலை வித்தியாசம் 20000 என்று இருந்தால் ஃபைல் சரி, மிஷின் கன்ட்ரோலரில்தான் தப்பு. 19685 என்று இருந்தால் ஃபைல் போடுகிற சாப்ட்வேரில் தப்பு.

வண்ணார்பேட்டை சீட்கவர்:

19685! அப்படியே இருக்கிறது அண்ணாச்சி. மிஷின்தான் தேய்ந்துவிட்டது என்று இத்தனை நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பேட்டை பிளாட்டர்:

சரி, அப்படியானால் மிஷினில் எதையும் தொடாதீர்கள். பிஎல்டி போடுகிற சாப்ட்வேரில் அவுட்புட் அல்லது பிளாட்டர் யூனிட் என்று ஓர் இடம் இருக்கும், அதில் 1000-ஐ 1016 ஆக்குங்கள், அல்லது 0.0254 என்று இருந்தால் 0.025. மறுபடி பேப்பரில் போட்டு அளந்துவிட்டுத்தான் கத்தியை மாட்ட வேண்டும்.

அந்த 102 விஷயம்: முதலாவது, அது 101.6 ஆக இருக்க வேண்டும். இரண்டாவது, கன்ட்ரோலரில் ஸ்கேலை ஏற்றி வைத்துவிட்டால், நாளைக்கு ஒரு பேக் கம்பெனிக்காரர் தன் சாப்ட்வேரில் சரியாகப் போட்ட ஃபைலைக் கொண்டு வருவார், அது உங்கள் மிஷினில் பெருத்து வரும், சரக்கு வீணானதற்கு யார் பொறுப்பு என்று சண்டை வரும்.

இங்க்ஸ்கேப்காரர்களுக்கு இன்னொன்று. 500 மில்லி 469 போல வந்தால், அதாவது 0.9375, அது 90-க்கும் 96-க்கும் உள்ள வித்தியாசம். 2017-இல் வந்த 0.92 பதிப்பில் இங்க்ஸ்கேப் இஞ்சுக்கு 90 புள்ளி என்பதை 96 ஆக மாற்றிவிட்டது, அதற்கு முந்தின பழைய படங்களைத் திறக்கும்போது கவனம் வேண்டும். சட்டை பீஸ் கட்டைவிரல் அளவுக்கு வந்து நின்றால் இஞ்சும் மில்லியும் மாறிப்போய் 25.4 மடங்கு குறைந்திருக்கிறது என்று அர்த்தம், அது டிஎக்ஸ்எஃப்-இல் அடிக்கடி நடக்கும்.

புதியம்புத்தூர் ரெடிமேட்:

அளவுக் கதை முடிந்தது, ஆனால் நீளவாக்கில் 488 வருவதற்கு அது மட்டும் காரணமில்லை. 492-இலிருந்து இன்னும் 4 மில்லி போனதே, அது சரக்கு. ரெக்சினுக்கு அடியில் பின்னல் துணி இருக்கிறது பாருங்கள், ரோல் சுற்றும்போது அதை நீளவாக்கில் இழுத்துத்தான் சுற்றுகிறார்கள். நீங்கள் ரோலிலிருந்து விறுவிறுவென்று இழுத்து பெட்டில் போட்டு வேக்கத்தை ஆன் செய்தால் இழுபட்ட நிலையிலேயே அது பிடித்துக்கொள்ளும், கத்தி சரியான அளவுக்குத்தான் வெட்டும், வேக்கம் நின்றதும் பீஸ் தன் பழைய அளவுக்குத் திரும்பும். தகர ஷெட்டாக இருந்தால் இன்னும் மோசம், சித்திரை வெயிலில் ரெக்சின் குழைந்து இன்னும் எளிதாக இழுபடும்.

எங்கள் ஊரில் பின்னல் துணியை முந்தின நாளே விரித்துப் போட்டுவிட்டு மறுநாள்தான் வெட்டுவோம். நீங்களும் தேவையான நீளத்தை அறுத்துத் தரையில் தளர்வாகப் போட்டு வையுங்கள், ஒரு ராத்திரி கிடக்கட்டும். ரோலைக் கையால் இழுக்காமல், தானாகச் சுழலும் ஸ்டாண்டு ஒன்று வெல்டிங் பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நெஸ்டிங்கில், அதாவது சாப்ட்வேர் பீஸ்களைச் சரக்கில் அடுக்குகிற இடத்தில், சுழற்சியை 0, 180 என்று பூட்டி வையுங்கள். நாலு இஞ்சு சரக்கு மிச்சமாகும் என்று சாப்ட்வேர் 90 டிகிரி திருப்பிவிடும், அதில்தான் உங்கள் மேல் பீஸும் சைடு பட்டையும் பகையாகிறது. ஒன்றோடொன்று தைக்கிற பீஸ்கள் இரண்டும் சரக்கின் ஒரே வாக்கில் இருக்க வேண்டும்.

மேலப்பாளையம் மெக்கானிக்:

மூலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன். கத்தி முனை தன் சுழல் மையத்தில் நேராக உட்காரவில்லை என்றால் இப்படித்தான் வரும். சோதிக்க ஒரு வழி: ஒரே நேர்கோட்டை இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை வெட்ட விடுங்கள். ஒரே கோடாக வந்தால் கத்தி நேராக இருக்கிறது. இரண்டு கோடாகப் பிரிந்தால், இடையில் இருக்கிற தூரத்தில் பாதிதான் கத்தி தள்ளியிருக்கிற அளவு. அரை மில்லி பிரிந்தால் கால் மில்லி ஆஃப்செட், அதாவது அந்தத் தள்ளலுக்கு ஈடு, கொடுக்க வேண்டும், எந்தப் பக்கம் என்பது கொடுத்துப் பார்த்தால் தெரியும், தப்பான பக்கம் கொடுத்தால் இடைவெளி இரண்டு மடங்காகும்.

அது சரியான பிறகும் ஃபோம் ஒட்டின ரெக்சினில் மூலை அடியில் விட்டுப்போகும். கத்தி முனை சாய்வாக இருப்பதால் மேலே மூலையைத் தொடும்போது அடியில் இன்னும் தொட்டிருக்காது. அதற்குத்தான் ஓவர்கட், அதாவது கத்தியை மூலை தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக ஓட விடுவது. சரக்கு தடிமன் கூடக்கூட ஓவர்கட்டும் கூட வேண்டும், ஆனால் பீஸுக்குள் மடங்கி வருகிற மூலைகளில் வெட்டு தையல் விடுதலைத் தாண்டாமல் பார்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் சீட் மேல் கோடு கோடாகத் தெரியும்.

அம்பை பேக்ஸ்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கத்தி, ஓவர்கட் என்று இவ்வளவு பாடு எதற்கு, லேசர் மிஷின் போட்டால் மூலையெல்லாம் சுத்தமாக வருமே?

பேட்டை பிளாட்டர்:

ரெக்சினில் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. நம் பக்கம் கிடைக்கிற ரெக்சின் பெரும்பாலும் பிவிசி. அதை லேசரில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரம் பட்டால் அது அமிலம். மிஷின் ரெயில், ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்கும், பக்கத்தில் நிற்கிறவர் நுரையீரல் அதைவிட மோசமாகும். புகைபோக்கி வைத்தால் சரியாகுமா என்றால் ஆகாது. பிவிசி இல்லை, பியு (பாலியூரித்தேன்) என்று சொல்லி விற்பதையும் நம்ப முடியாது, வாசலுக்கு வெளியே நின்று ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, அதைச் சரக்கின் மேல் ஒரு தொடு தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுங்கள், பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது.

ஆம்பூர் தோல்:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். அசல் தோலில் இறங்க நினைப்பவர்கள் இந்த ரோல் கணக்கை மறந்துவிடுங்கள். தோலுக்கு நீளம் அகலம் என்று நிலையான அளவு கிடையாது, சதுர அடிக் கணக்கு. முதுகெலும்பு ஓரம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கமும் கால் இடுக்கும் தொளதொளவென்று இழுபடும். செருப்பு மேல்பாகம், பர்ஸ் முகம் எல்லாம் முதுகில்தான் எடுக்க வேண்டும், உள்பக்கம் போகிறதை வயிற்றில் வைக்கலாம். பெரிய ஃபேக்டரிகளில் ஒருவர் தழும்பு, பூச்சிக்கடி, கத்திக்கீறல் எல்லாவற்றையும் குறித்துக் கொடுக்க, கேமரா அதைப் படித்து, சாப்ட்வேர் அவற்றைத் தவிர்த்து பீஸ்களை அடுக்கும். சாப்ட்வேர் எவ்வளவு பெரிசானாலும் தோலை விரலால் இழுத்துப் பார்க்கிறவர் இல்லாமல் அந்த வேலை ஓடாது. உங்கள் மிஷினில் ஒரு தோல் ஒரு தோலாகக் கையால் அடுக்கி வெட்டலாம், தப்பில்லை.

வண்ணார்பேட்டை சீட்கவர்:

1016 ஆக்கினேன், பேப்பரில் 500-க்கு 500. ரெக்சினை ராத்திரி விரித்துப் போட்டு வெட்டினதில் நீளவாக்கில் ஒரு மில்லிதான் குறைகிறது, அதைத் தையலில் ஏற்றிக்கொள்ளலாம் என்று தைக்கிற அக்கா சொல்லிவிட்டார்கள். கத்தி ஆஃப்செட் 0.2 கொடுத்தபின் மூலை ஒட்டுகிறது. இன்னொன்று மட்டும்: சின்ன பீஸ், ஸ்கூல் பேக் கைப்பிடி மாதிரி, வெட்டி முடிகிற கடைசி நேரத்தில் நகர்ந்துவிடுகிறது. வேக்கம் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

மேலப்பாளையம் மெக்கானிக்:

மோட்டாருக்குப் பணம் போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம். பெட்டில் சரக்கு மூடாத இடத்தையெல்லாம் வேஸ்ட் ரெக்சின் போட்டு மூடுங்கள், காற்று அங்கேதான் ஓடுகிறது. ஃபெல்ட் பழசு என்றால் நூலும் ரெக்சின் தூளும் அடைத்திருக்கும், ஒரு ஓரத்தைத் தூக்கி வாயால் ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்று படவில்லை என்றால் மாற்றியே ஆக வேண்டும். புது ஃபெல்ட் போட்டதும் கத்தி ஆழத்தை மறுபடி செட் செய்யுங்கள், ஃபெல்டுக்குள் அரை மில்லி இறங்கினால் போதும். சின்ன பீஸ்களை முதலில் வெட்டி, பெரிசைக் கடைசியில் வெட்டுகிற மாதிரி வரிசையை மாற்றி வையுங்கள், சுற்றிலும் சரக்கு முழுசாக இருக்கும்போதே சின்னது வெட்டி முடிந்துவிடும்.

வண்ணார்பேட்டை சீட்கவர்:

ஊதிப் பார்த்தேன், காற்றே வரவில்லை. ஃபெல்ட் எங்கே வாங்கலாம், என்ன தடிமன்?

மேலப்பாளையம் மெக்கானிக்:

இப்போது இருப்பதில் தேயாத ஓரத்தை வெர்னியரில் அளந்து அதே தடிமனில் கேளுங்கள். கட்டிங் டேபிளுக்கு என்று சொல்லி, காற்று போகிற ரகம்தானா என்று சாம்பிள் துண்டு வாங்கி ஊதிப் பார்த்த பிறகே முழுசும் ஆர்டர் போடுங்கள்.