பெரியம்மாவோடு பார்த்த ‘புரஹந்த களுவர’

சிங்களப் படம் பார்க்கப் பெரியம்மா வந்து உட்காருவார் என்று நான் நினைக்கவேயில்லை. டொக்டரிடம் காட்ட வவுனியாவிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நின்றார். நான் லெப்டொப்பில் பிரசன்ன விதானகேயின் 1997ஆம் ஆண்டுப் படத்தைப் போட்டதும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்குச் சிங்களம் அரைகுறை. பரவாயில்லை, இதில் பேச்சே குறைவு. வன்னிஹாமி கண் தெரியாத கிழவர். ஆமிக்குப் போன மகன் சீல் வைத்த பெட்டியில் வீடு வருகிறான். திறக்கக் கூடாதாம். புதைத்தும் ஆயிற்று, கிழவர் மட்டும் நம்பவில்லை. வீட்டில் அவ்வளவு கஷ்டம் இருந்தும் நஷ்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். கிழவராக வரும் ஜோ அபேவிக்கிரம அழுது புலம்பி நடிக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை முகத்திலேயே வைத்திருக்கிறார்.

“மனுசன் சரியாத்தான் செய்யுது” என்றார் பெரியம்மா.

அவர் 2009இல் முல்லைத்தீவில் மகனைத் தொலைத்தவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் காசு வரும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் எடுக்கவில்லை. 2016இல் காணாமற்போனோருக்கென்று தனிச் சான்றிதழ் சட்டத்தில் வந்தபோதும், “அதுவும் கடதாசிதானே” என்று விட்டுவிட்டார்.

கடைசியில் கிழவர் குழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் வாழைக்குற்றியும் கல்லும். நான் திகைத்துப்போய் இருக்க, பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார்: “பாரத்துக்குப் போட்டிருக்கிறாங்கள்.”

இதைச் சொன்னபோது என் நண்பன் ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். “ஆமிக்காரன் வீட்டுச் சோகத்துக்கு நான் ஏன் அழவேணும்? எங்கட ஆக்கள் அந்தப் படத்தில எங்க?” நியாயமான கேள்வி. தமிழர் இல்லாதது குறைதான். ஆனால் சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லாத இந்தப் படத்தை 2000இல் அரசாங்கம் தியேட்டருக்குப் போகவிடாமல் மறித்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அடுத்த வருடம் வெளிவந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தகப்பன் கேட்பதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமற்போனோரின் தாய்மார் போராட்டத்தில் இறங்கியதும் கிட்டத்தட்ட அதே கேள்வியோடுதான்.

அவன் மசியவில்லை. அதே இயக்குநரின் ‘ஓப நதுவ ஓப எக்க’வில் முன்னாள் சிப்பாயும் அவன் கட்டிய தமிழ்ப் பெண்ணும்தான் கதை. பார்த்தவர்கள் சொல்லுங்கள், அதை அவனுக்குக் காட்டலாமா, இல்லை சண்டை இன்னும் கூடுமா?