மறுமொழி: மியூசின் இழை – ‘கொல்லி’ என்று முடியாத ஒரு சொல் வேண்டும்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சளியிலுள்ள மியூசினைப் போல, கிருமியைக் கொல்லாமல் அதன் தாக்கும் குணத்தை மட்டும் தணிக்கும் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். தனித்தனியே மறுமொழி எழுதினால் இழை சிதறிவிடும், ஆகவே சேர்த்தே எழுதுகிறேன். மருத்துவ மாணவர்களுக்கான கட்டுரை ஒன்றில் இந்தச் சொற்கள் இடம்பெறப் போகின்றன. அச்சேறிப் புழங்கத் தொடங்கிய சொல்லை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இப்போதே தீரப் பேசிவிடுவது நல்லது.

> நுண்ணுயிர்க்கொல்லி, கிருமிநாசினி என்றெல்லாம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? சளியும் கிருமியைக் கொல்லத்தானே செய்கிறது?

மியூசின் கொல்வதில்லை ஐயா. புதுச்சொல் கேட்பதற்கு அதுவே காரணம்.

மூக்கு, தொண்டை, நுரையீரல், இரைப்பை, குடல், கண் ஆகியவற்றின் ஈரமான பரப்பில் படிந்திருக்கும் வழுவழுப்பில் பெரும்பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கூழாகப் பிடித்து நிறுத்துவது மியூசின் என்னும் நெடிய மூலக்கூறு. நடுவில் ஒரு புரதத் தண்டு. அதிலுள்ள செரீன், திரியோனீன் அமினோ அமிலங்களிலிருந்து சர்க்கரைத் தொடர்கள் நாலாபக்கமும் அடர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நினைத்துக்கொள்ளுங்கள், உருவம் அதுதான். மூலக்கூற்றின் எடையில் 80 விழுக்காடு வரைகூட அந்தச் சர்க்கரைத் தொடர்களாக இருக்கும்.

கிருமி இந்தக் கூழில் சிக்கும், இருமலோடும் தும்மலோடும் வெளியேறும் என்பதுதான் நாம் பள்ளியில் படித்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேத்தரீனா ரிப்பெக்கின் ஆய்வுக்குழு வேறொன்றைக் கேட்டது. எண்ணற்ற நுண்ணுயிர்கள் இந்தக் கூழுக்குள்ளேயே குடியிருக்கின்றன. நோய் தரக்கூடியவையும் அவற்றில் உண்டு. அப்படியிருந்தும் நலமான உடலில் அவை அரிதாகவே நோய் உண்டாக்குகின்றன. அவற்றை யார் அடக்கி வைத்திருக்கிறார்கள்?

2019-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவைப் பற்றியது. தீப்புண்களிலும் மருத்துவமனைத் தொற்றுகளிலும் மருத்துவர்களைத் திணறடிக்கும் கிருமி இது. மியூசினில் இட்டபோது அது சாகவில்லை. நச்சைச் செலுத்தும் மரபணுக்கள், இரும்பைக் கவர்ந்துகொள்ளும் மரபணுக்கள், கூட்டமாகச் சேர்ந்து தாக்கத் துணைசெய்யும் மரபணுக்கள் ஆகியவற்றின் செயல்பாடு தாழ்ந்தது. பரப்பில் ஒட்டிக் கட்டியிருந்த படலம் கலைந்து, பாக்டீரியாக்கள் தனித்தனியாக நீந்தத் தொடங்கின. பன்றிகளின் தீப்புண்ணில் சோதித்தபோதும் தொற்று தணிந்தது.

கூழின் பிசுபிசுப்பு மட்டுமே காரணமா என்றும் பார்த்திருக்கிறார்கள். பிசுபிசுப்பான வேறு பலபடி (பாலிமர்) கரைசல்களில் இந்த விளைவு இல்லை. புரதத் தண்டிலிருந்து சர்க்கரைத் தொடர்களை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தால் விளைவு அப்படியே இருந்தது. அந்தத் தொடரை உடைத்து ஒற்றைச் சர்க்கரைகளாகக் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஆக, கிருமிக்குச் சேதி சொல்வது அந்தத் தொடர்களின் அமைப்பு.

2022-இல் அதே குழு கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் பூஞ்சையைப் பார்த்தது. இது உருண்டை வடிவில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. இழைகளாக நீளும்போதுதான் திசுவுக்குள் புகுகிறது. மியூசினிலிருந்து பிரித்த நூற்றுக்கும் மேற்பட்ட சர்க்கரைத் தொடர்களைப் பட்டியலிட்டு, அவற்றில் சிலவற்றை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். அவற்றுள் மூன்று அமைப்புகள், ஒவ்வொன்றும் தனித்தே, இழையாவதைத் தடுக்கப் போதுமானவையாக இருந்தன. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இது. மருந்தாக்கும் வழி இங்கேதான் தெரிகிறது. முழு மியூசினைத் தொழிற்சாலையில் செய்வது பெரும்பாடு. சிறிய தொடர் ஒன்றைச் செய்வது எட்டக்கூடிய காரியம்.

கொல்லாமல் விடுவதில் என்ன நன்மை என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். கொல்லும் மருந்துக்குத் தப்பிப் பிழைப்பவை பெருகும், எதிர்ப்பாற்றல் பரவும். உயிரையும் வளர்ச்சியையும் தொடாமல் தாக்கும் குணத்தை மட்டும் தணித்தால் அந்த நெருக்கடி குறையும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். குடலில் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களும் மிஞ்சும்.

> ‘சளிக்கொல்லி’ – சின்னதாக, சொல்ல எளிதாக இருக்கிறதே?

பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்கிறது, களைக்கொல்லி களையைக் கொல்கிறது. சளிக்கொல்லி என்றால் தமிழ் தெரிந்த எவரும் சளியைக் கொல்வது என்றே படிப்பார். இருமல் மருந்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இதை விட்டுவிடலாம்.

> லைசோசைமும் சளியில்தானே இருக்கிறது? அது கிருமியை உடைத்துக் கொல்கிறதே!

நல்ல கேள்வி. இதற்காகவே நீளமாக எழுத உட்கார்ந்தேன். லைசோசைம் வெளிப்பட்டதே மூக்குச்சளியிலிருந்துதான். 1921-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் சளி பிடித்திருந்த தம் மூக்கிலிருந்து எடுத்ததைப் பாக்டீரியா வளர்ப்புடன் சேர்த்துப் பார்த்தார். பாக்டீரியாக்கள் கரைந்துபோயின. 1922-இல் அதை வெளியிட்டார். பெனிசிலினைக் கண்டது அதற்குப் பிறகு, 1928-இல். லைசோசைம் பாக்டீரியாவின் செல்சுவரை அறுக்கும் நொதி. அதைக் கொல்லி என்று சொல்வதில் எனக்குத் தடையே இல்லை.

சர்க்கரைத் தொடர்களிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரைப்பையின் ஆழ்ந்த சுரப்பிகளில் சுரக்கும் மியூசினில் தனி வகை முனை கொண்ட தொடர்கள் இருக்கின்றன. ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் இரைப்பைப் பாக்டீரியா தன் சுவருக்குக் கொலஸ்டிராலைச் சர்க்கரையுடன் பிணைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொடர்கள் இந்தப் பிணைப்பைத் தடுத்து அதன் வளர்ச்சியையே முடக்குகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். இந்தத் தொடர்கள் நம் உடலே சுரக்கும் நுண்ணுயிர் எதிரி மருந்து (ஆன்டிபயாட்டிக்) போன்றவை.

சளியிலுள்ள லாக்டோஃபெரின் என்னும் புரதம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுகிறது. லைசோசைம் உடைக்கிறது. மியூசினின் பெரும்பான்மைத் தொடர்கள் தணிக்கின்றன. ஒரே கூழில் இத்தனை வேலை நடப்பதால் கூழின் பெயரை வைத்துச் சொல் ஆக்கினால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். செய்யும் வேலையை வைத்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

> ‘வீரியம் குறைப்பி’ போதுமே. செய்தித்தாள்கள் வீரியம் என்றுதானே எழுதுகின்றன?

வீரியம் என்ற சொல்லை மக்கள் அறிவார்கள், உண்மை. என் தயக்கம் ‘குறைத்தல்’ பற்றியது. வீரியம் குறைக்கப்பட்ட கிருமி என்றால் ஏற்கெனவே தடுப்பூசியில் பயன்படும் கிருமி என்று பொருள் நிலைத்துவிட்டது. அங்கே கிருமியே மாறிவிட்டது, அதன் வழித்தோன்றல்களும் அப்படியே பிறக்கும். மியூசினில் இருக்கும் கிருமி மாறவில்லை. மரபணுக்கள் எல்லாம் அப்படியே உள்ளன. கூழ் மெலிந்தாலோ புண் ஏற்பட்டாலோ அது மறுபடி எழும். இந்த வேறுபாடு மாணவருக்குச் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

தமிழில் அதற்கு உரிய வினை ‘தணி’. சினம் தணியும், காய்ச்சல் தணியும், தீ தணியும். தணிந்தது திரும்பக் கிளம்பலாம் என்ற எச்சரிக்கையும் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது.

முன்சொல்லாக ‘வீறு’ என்று கோவை அம்மா பரிந்துரைத்ததை நான் வழிமொழிகிறேன். பழைய வழக்கில் வீறு தனிச்சிறப்பைக் குறிக்கும், கிருமிக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒரு மறுப்பு வந்தது. இன்று ‘வீறுகொண்டு எழுந்தான்’ என்று சொல்லும்போது நாம் நினைப்பது உள்ளிருந்து கிளம்பும் வேகத்தை. அந்தப் பொருளே நமக்கு வேண்டியது. வீரியம் விதைக் கடையிலும் வேறு இடங்களிலும் வேறு பொருள்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. வீறு அப்படி இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: வீறுதணிப்பி. வினையூக்கி, மின்மாற்றி, குளிரூட்டி வரிசையில் இயல்பாக உட்காரும். செயலுக்கு வீறுதணிப்பு. கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘நோய் உண்டாக்கும் வீரியத்தைத் தணிக்கும் பொருள்’ என்று விளக்கம் தரலாம்.

> கூழுக்கே சளி, கோழை, சீதம், ஐயம் என நான்கு சொல் அடிபடுகிறது. எது?

‘சளி பிடித்திருக்கிறது’ என்றால் நோய். ‘சளி நம்மைக் காக்கிறது’ என்ற வாக்கியத்தைத் தமிழ்நாட்டு வாசகர் படித்தால் முதலில் திகைப்பார். கோழையும் அப்படித்தான், இருமித் துப்பும் கெட்டிச் சளியே நினைவுக்கு வரும். ஐயம் சித்த மருத்துவத்தில் முக்குற்றங்களில் ஒன்று. அது உடல் முழுவதையும் பற்றிய கருத்து. ஒரு கூழின் மேல் அதை ஒட்டினால் சித்த மருத்துவத்துக்கும் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியபடி இலங்கைப் பாடநூல்களில் சீதம், சீதமென்சவ்வு என்றே பல காலமாக வழங்குகின்றன. சீதபேதி வழியாகத் தமிழ்நாட்டாருக்கும் சொல் புதிதல்ல. குளிர்ச்சி என்றும் பொருள் உண்டே என்பவர்களுக்கு: குடல் சீதம், மூக்குச் சீதம் என்று உறுப்பைச் சேர்த்து எழுதினால் மயக்கம் வராது. இரு நாட்டு மாணவர்களும் ஒரே சொல்லைப் படிக்க வாய்ப்பு கிடைக்கும்போது அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. சளிச்சவ்வு என்பது ஊன்றிவிட்டது, அதில் கை வைக்க வேண்டாம்.

மியூசினுக்குச் சீதப்புரதம் என்று வந்த பரிந்துரை அழகாக இருக்கிறது. ஆனால் வேலை செய்வது சர்க்கரைத் தொடர். புரதம் என்று பெயரிட்டு அதை மறைக்க வேண்டாம். இன்சுலின் போல மியூசின் என்றே இருக்கட்டும்.

> ‘சீதச்சர்க்கரை’ என்று எழுதாதீர்கள். வார்டில் சர்க்கரை என்றால் ஒரே பொருள்தான். நோயாளி பயந்துவிடுவார்.

செவிலியராக இருக்கும் சகோதரி எழுதிய இந்த ஒரு வரிக்கு நான் தலைவணங்குகிறேன். ‘அவருக்குச் சர்க்கரை இருக்கு’ என்ற பேச்சு வழக்கின் முன் நம் அகராதி நிற்காது. நாளை இது மருந்தாகி, தமிழில் ஒரு குறிப்புத் தாளும் அச்சானால், ‘சர்க்கரை மருந்து’ என்று படிக்கும் நீரிழிவு நோயாளி அதைத் தொடவே மாட்டார். எனவே அந்தச் சர்க்கரைத் தொடர்களை, glycan என்ற ஆங்கிலப் பெயரை ஒட்டி, கிளைக்கான் என்றே எழுதுகிறேன். தண்டிலிருந்து கிளைத்து நிற்பது என்று மாணவர் நினைவில் வைத்துக்கொள்ளவும் வசதி.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். காலரா பற்றிய பத்தியிலிருந்து எடுத்தது:

“காலராக் கிருமியின் நச்சுக்கான மரபணு அதற்குச் சொந்தமானதன்று. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. கிருமியின் மேலுள்ள மயிரிழை போன்ற உறுப்பைப் பற்றிக்கொண்டு அந்த வைரஸ் உள்ளே நுழைகிறது. குடல் சீதத்தின் மியூசின் கிளைக்கான்கள் அந்த உறுப்பும் நச்சும் உருவாவதைத் தாழ்த்துகின்றன. இவ்வாறு, நச்சில்லாக் கிருமி நச்சுக்கிருமியாக மாறுவதையும் இந்த வீறுதணிப்பிகள் தடுக்கின்றன.”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறது என்று எழுதுங்கள்.

இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. பாக்டீரியாக்கள் தங்கள் கூட்டம் போதிய அளவு சேர்ந்துவிட்டதா என்று வேதிப்பொருள்களால் அறிந்து, சேர்ந்த பிறகே தாக்குதலைத் தொடங்குகின்றன. சூடோமோனாசில் மியூசின் கிளைக்கான்கள் தணிப்பவற்றுள் இந்த அறிதலும் ஒன்று. ஆங்கிலத்தில் quorum sensing எனப்படும் இதைக் ‘குழு உணர்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் ‘போதிய எண்ணிக்கை’ என்ற கருத்து வரவில்லை. சட்டமன்றக் கூட்டம் நடக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கைக்கு (quorum) தமிழ்நாட்டு ஆட்சிச்சொல் ‘குறைவெண்’, இலங்கையில் ‘கூட்டநடப்பெண்’. ‘குறைவெண் உணர்தல்’ என்றால் கல்லூரி மாணவருக்குப் புரியுமா, குறைந்த எண்ணிக்கை என்று தவறாகப் படிப்பாரா? உயிரியல் கற்பிக்கும் அன்பர்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.