புறநகரில் ஆறாம் வகுப்பு இடங்கள்: எந்தக் கணக்கை நம்புவது?

(பேசுகிறவர்கள் மூவர்: பள்ளிப் பதிவுகளை வைத்துக் கணக்கிடும் கணக்கர், குடியிருப்பு வரைபடத்தை வைத்துத் திட்டமிடும் ‘வரைபடம்’, ஓர் ஆசிரியை.)

கணக்கர்:
புறநகரில் உயர்நிலைப் பள்ளி இடம் எத்தனை வேண்டும் என்பதற்குத் தொடக்கப் பள்ளிகளின் வருகைப் பதிவே போதும். போன வருடம் நான்காம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் விகிதம் எடுத்து, சில வருடச் சராசரியை முன்னோக்கி ஓட்டினால் போதும். குடிவருகிறவர்கள், வெளியேறுகிறவர்கள், தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த விகிதத்துக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். புதிதாக எதையும் யூகிக்க வேண்டியதில்லை.

வரைபடம்:
வந்துவிடுவது பழைய குடிவரவு மட்டும்தான்! போன வருடம் வரை வயலாக இருந்த இடத்தில் ஆயிரம் வீடு எழும்பினால் உங்கள் சராசரிக்கு அது எப்படித் தெரியும்? விகிதத்தில் சின்னப் பிழை இருந்தாலும் அது பெருகிக்கொண்டே போகும். ஒன்றாம் வகுப்பில் 400 பேர், வருடத்துக்கு 3 சதவீதம் கூடுகிறது என்றால் ஐந்து வருடத்தில் அவர்கள் 464 பேர். அந்த 3 சதவீதம் பொய்த்துப்போனால் ஒரு வகுப்பறைக்கும் அதிகமான இடம் ஆள் இல்லாமல் கிடக்கும். வீட்டுக் கணக்கையும் சேர்க்காமல் சரிவராது.

கணக்கர்:
எந்த வீட்டுக் கணக்கு? அனுமதி வாங்கியதெல்லாம் கட்டி முடிவதில்லை, முடிந்ததிலும் உடனே ஆள் வருவதில்லை. ஒரு படுக்கையறை வீடும் மூன்று படுக்கையறை வீடும் ஒரே அளவு பிள்ளைகளைத் தரப்போவதில்லை. வீட்டுக்கு இத்தனை பிள்ளை என்று ஓர் எண்ணை எல்லாவற்றிலும் பெருக்குவதைத்தான் நான் யூகம் என்கிறேன்.

வரைபடம்:
அதனால்தான் வீட்டை வகை பிரித்து, குடியேறிய வருடத்தையும் பார்க்கச் சொல்கிறேன். புதுக் குடியிருப்புக்குப் பெரும்பாலும் இளம் தம்பதிகள்தான் வருகிறார்கள், முதலில் நெரிசல் மழலையர் பள்ளியில், அது ஆறாம் வகுப்புக்கு வந்துசேரப் பல வருடம் ஆகும், அப்புறம் பெற்றோர் அங்கேயே தங்கிவிடப் பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவதால் எண்ணிக்கை இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு நேர்க்கோட்டுச் சராசரியில் அடங்காது.

ஆசிரியை:
இருவரும் பிள்ளைகள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கே வருவார்கள் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பதினொரு வயதுக்கு மேல் பேருந்திலோ ரயிலிலோ தூரம் போகிறார்கள், நல்ல பெயர் வாங்கிய ஒரு பள்ளி நான்கு பகுதிகளிலிருந்து ஆளை இழுக்கும். மாநகர் மொத்தத்துக்கு உங்கள் கணக்கு ஓரளவு சரியாக வரும், ஒரு புறநகரை மட்டும் பிரித்தால் பிழை பெரிதாகும். ஒற்றை எண்ணைக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் கேள்வி கேட்காதே என்பதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் கொடுங்கள்.

கணக்கர்:
பிழை இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீச்சைக் காட்டினால் நிதி தருகிறவர் குறைந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார்.

வரைபடம்:
அதற்காக நிலத்தையும் கட்டடத்தையும் ஒன்றாக முடிவு செய்ய வேண்டுமா? அதிகபட்சக் கணக்குக்கு நிலத்தை இப்போதே ஒதுக்குங்கள், வீடுகள் நிறைந்தபின் பள்ளிக்கு மனை கிடைக்காது. கட்டடத்தை மூன்றாம் வகுப்பு எண்ணிக்கை பார்த்து முடிவு செய்யலாம், அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வர மூன்று வருடம் இருக்கிறது.

ஆசிரியை:
நிலத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் புதிதாகக் குடிவருகிற குடும்பத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், உங்கள் மூன்றாம் வகுப்பு எண்ணிக்கையில் அவன் எங்கே வருகிறான்? நடுவில் வருகிறவர்களுக்கென்று ஒவ்வொரு வகுப்பிலும் சில இடங்களைக் காலியாக வைப்பதையும் இந்தத் திட்டத்தில் எழுதுங்கள்.