லிஸ்ட்டின் கடைசிக்கால பியானோ உருப்படிகளை உலகம் ஒதுக்கியதா?

கறுப்புக்கட்டை:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட் 1881 முதல் பியானோவுக்கு எழுதியதை அவர் காலத்து உலகமே ஒதுக்கித் தள்ளியதாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. லிஸ்ட் இறந்தது 1886இல். 1881இல் அவர் எழுதிய 'நுவாஜ் கிரி' (சாம்பல் மேகங்கள்) என்ற பியானோ உருப்படி அச்சானதே 1927இல். இலையில் போடாத சோற்றை யார் ஒதுக்கினார்கள்?

வைமார்வாசி:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1882 நவம்பரில் மாமனார் லிஸ்ட் வெனிஸில் தன் வீட்டில் தங்கியிருந்தபோதே, அவருடைய புதிய படைப்புகளை "முளைவிடும் பைத்தியம்" என்றார் ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னர். இது பாராட்டா?

கறுப்புக்கட்டை:
வாக்னர் ஒரு ஆள், உலகம் இல்லை. அதுவும் வீட்டுக்குள் மனைவி கோசிமாவிடம் சொன்னது. அதைக் குறித்துவைத்த கோசிமாவின் நாட்குறிப்பு புத்தகமாக வரத் தொடங்கியது 1976இல்தான்.

மூன்றாம்பெடல்:
லிஸ்ட்டுக்கே தயக்கம் இருந்ததே. அதே காலத்தில் எழுதிய 'சார்தாஷ் மகாப்ர்' என்ற பியானோ உருப்படியின் கையெழுத்துப் பிரதியில் "இப்படி ஒன்றை எழுதலாமா, கேட்கலாமா?" என்று அவரே எழுதி வைத்தார்.

வைமார்வாசி:
அதேதான்! சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்ததால் வந்த தயக்கம். இசையமைப்பாளர் பிராம்ஸ், லிஸ்ட் வாசிக்கும்போதே தூங்கிப்போனவர்.

கறுப்புக்கட்டை:
அது 1853இல், லிஸ்ட் தன் பி மைனர் சொனாட்டாவை வாசித்தபோது! கடைசிக்காலத்தைப் பேசும்போது அது எதற்கு? போன மாதம் இசையமைப்பாளர் ஷோப்பானைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் ஆண்டைக் குழப்பினீர்கள்.

வைமார்வாசி:
ஷோப்பானை இழுக்காதீர்கள். அங்கே தவறு உங்களுடையது, இன்னும் திருத்தவில்லை.

மூன்றாம்பெடல்:
பிராம்ஸ் தூங்கினார் என்பதே சந்தேகத்துக்குரிய கதை.

வைமார்வாசி:
அங்கே இருந்த லிஸ்ட்டின் மாணவர் வில்லியம் மேசன் எழுதியிருக்கிறார், போய்ப் படியுங்கள்.

கறுப்புக்கட்டை:
தூக்கத்தை விடுங்கள். நான் 'நுவாஜ் கிரி'யை வாசிக்கிறவன். இரண்டே பக்கம். முடிவில் வலக்கை அரை அரை சுரமாக ஏறி 'ஜி' என்ற சுரத்தில் போய் நிற்கும். கீழே இடக்கை பிடிக்கும் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) அதோடு ஒட்டவே ஒட்டாது. முதல்முறை வாசித்தபோது பக்கம் விட்டுப்போயிற்றோ என்று புரட்டிப் பார்த்தேன். இதை 1881இல் ஒரு அரங்கம் கேட்டிருந்தால் சிரித்திருக்கலாம், அழுதிருக்கலாம். கேட்கவே இல்லை ஐயா! 1885இல் எழுதிய 'சுருதியில்லா பகடெல்' என்ற குட்டி உருப்படி வெளிவந்தது 1956இல்.

வைமார்வாசி:
அதை 1885 ஜூனிலேயே ஜெர்மனியின் வைமார் நகரில் லிஸ்ட்டின் மாணவர் ஹ்யூகோ மான்ஸ்ஃபெல்ட் வாசித்துவிட்டார். கேட்டார்கள். கேட்டும் எடுத்து வாசிக்கவில்லை. அதற்குப் பெயர்தான் ஒதுக்கல்.

கறுப்புக்கட்டை:
அச்சில் இல்லாததை எதைப் பார்த்து வாசிப்பது? 1927. 1956. மறுபடியும் சொல்கிறேன், 1927.

வைமார்வாசி:
நானும் மறுபடியும் சொல்கிறேன்: "முளைவிடும் பைத்தியம்". முதலில் ஷோப்பான் இழையில் அந்த ஆண்டைத் திருத்துங்கள், அப்புறம் பேசலாம்.