கஞ்சாவ விட்டு நாலாவது நாள், தம்பி தூங்காம கத்துறான். இது விடுறதால வர்றதா, வேற எதாவதா?

வெண்ணாத்தங்கரை அக்கா:
வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கிட்டு படிங்க. எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். தம்பிக்கு 22 வயசு, பாலிடெக்னிக் முடிச்சிட்டு ரெண்டு வருஷமா வீட்லதான். நல்லா கபடி ஆடுவான், ஊர் டீம்ல அவன்தான் ரைடர், போன வருஷத்துலேர்ந்து கிரவுண்டு பக்கமே போறதில்ல. ரூம்ல எப்பவும் ஊதுபத்தி எரியும், சட்டைப் பையில கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து, சொன்னத அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவான், சாயங்காலம் ஆறு மணி ஆனா வாய்க்கா மதகு பக்கம் போயிட்டு பத்து மணிக்குதான் வருவான். சோம்பேறின்னுதான் அப்பா திட்டிக்கிட்டே இருந்தாரு. போன வாரம் அப்பாயி தோட காணும்னு தேடப்போக எல்லாம் வெளிய வந்துச்சு, ப்ளஸ் டூ படிக்கும்போதே ஆரம்பிச்சிருக்கான், இப்ப காலையில எழுந்த உடனே தனியா ஒண்ணு இழுத்தாதான் சாப்பாடே இறங்குமாம். அழுதுட்டான். ஞாயித்துக்கிழமை அவனே பொட்டலத்த கொண்டுபோய் ஆத்துல போட்டுட்டு வந்தான். முதல் நாள் பரவால்ல, அதுக்கப்பறம் ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு கெடக்கான், பாய் நனையற அளவுக்கு வேர்க்குது, சோத்த பாத்தாலே குமட்டுதுங்கறான், நேத்து தட்ட எடுத்து அப்பா மேலயே வீசிட்டான். அம்மா செய்வினைங்கறாங்க. சித்தப்பா, கொஞ்சமா வாங்கி குடுங்க அடங்கிடுவான்ங்கறாரு. பெரியாஸ்பத்திரிக்கு போனா போலீசுக்கு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு. என்ன பண்றது?

அரசலாத்துக்காரன்:
அக்கா, நான் பாபநாசம் பக்கம். ஆறு வருஷம் இழுத்தவன், விட்டு மூணு வருஷம் ஆவுது. நீங்க எழுதுனத படிக்கும்போது எங்கம்மா எழுதுன மாதிரியே இருந்துச்சு. தயவு செஞ்சு சித்தப்பா சொல்றத மட்டும் கேட்டுடாதீங்க. இப்ப நடக்கறது அவன் குணம் கெட்டுப்போனதால இல்ல, செய்வினையும் இல்ல, உடம்பு அத கேக்குது. எனக்கு ரெண்டாவது நாள் ஆரம்பிச்சி ஒரு வாரம் அப்படித்தான், அண்ணன் மம்பட்டிய எடுத்து ஓரமா வச்சதுக்கே சண்டைக்கு போனேன். அப்பறம் கனவு வரும் பாருங்க, அத யாரும் எனக்கு சொல்லவே இல்ல, கண்ண மூடுனா படம் மாதிரி ஓடும், கனவுலயே இழுப்பேன், முழிச்சா நெஜமாவே இழுத்துட்டோமோன்னு கை நடுங்கும். அது ஒரு மாசத்துக்கு மேல இருந்துச்சு. எனக்கு பயித்தியம் புடிச்சிருச்சுன்னே நெனச்சேன். அந்த பயத்துலயே ரெண்டு தடவ திரும்பவும் போய் உக்காந்தேன். அதனால அவன்கிட்ட இத முன்னாடியே சொல்லி வச்சிடுங்க அக்கா, இப்படி வரும், இது போயிடும்னு.

இன்னொன்னு, நம்ம ஊர்ல யாரும் அத தனியா சுத்துறதில்ல, சிகரெட்டு தூளோட கலந்துதான். அப்ப அவன் ஒரே நேரத்துல ரெண்டையும் விடுறான், புகையிலை இல்லாத எரிச்சலும் இதுல சேந்துக்கும்.

மன்னார்குடி மாமா:
இதுக்கெல்லாம் பேச்சு வார்த்தையே கூடாதும்மா. ரெண்டு அறை விட்டு ஆள் வச்சி தூக்கிட்டு போயி ஏதாவது மையத்துல மூணு மாசம் அடைச்சு போட்டா தானா தெளிஞ்சிடும். மூலிகைதானேன்னு நம்ம பசங்க எல்லாம் இப்படி பாழா போறானுங்க, பாக்க வயிறு எரியுது.

ஓபி சீட்டு:
நான் டெல்டா மாவட்டம் ஒண்ணுல அரசு ஆஸ்பத்திரி மனநல ஓபில நர்ஸா இருக்கேன். மாமா உங்க வயித்தெரிச்சல் புரியுது, ஆனா அடிச்சி தூக்கிட்டு போறது வேண்டாங்க. 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல போதை சிகிச்சையும் அடங்குது, பதிவு இல்லாத மையத்துல சேக்கவே கூடாது, சேக்கறதுன்னாலும் அவர் சம்மதம்தான் முதல்ல. அவரே பொட்டலத்த ஆத்துல வீசிட்டு வந்திருக்காரு, அந்த மனச நீங்க அடிச்சி உடைச்சிடக் கூடாது.

அக்கா உங்க கேள்விக்கு வர்றேன். இது அடிக்‌ஷன்தான். எவ்வளவு இழுக்கறாருங்கறத விட, விடணும்னு நெனச்சும் முடியலையா, அது இல்லாம சாப்பாடு தூக்கம் இல்லையா, கபடி மாதிரி புடிச்சதெல்லாம் விட்டுப்போச்சா, வீட்டு பொருள் மேல கை வைக்கிற அளவுக்கு வந்துடுச்சா, இதத்தான் நாங்க கேப்போம். நீங்க கேக்காமலே எல்லாத்தையும் எழுதிட்டீங்க. எடுக்கறவங்கள்ல சுமாரா பத்துல ஒருத்தர் அடிமை ஆகறாங்க, பதினெட்டு வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சா ஆறுல ஒருத்தர். கஞ்சாவுக்கு வித்ட்ராயல், அதாவது விடும்போது உடம்பும் மனசும் படுற பாடு, கிடையாதுன்னு ரொம்ப காலம் டாக்டர்களே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கத்தோட நோய் பட்டியல் புத்தகத்துலதான் அத ஒரு நோயா சேத்தாங்க, அப்ப ஊர்ல யாருக்கும் தெரியாம இருக்கறதுல ஆச்சரியம் இல்ல. விட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல ஆரம்பிக்கும், முதல் வாரத்துல உச்சத்துல இருக்கும், ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும், தூக்கமும் கனவும் மட்டும் இழுக்கும். அதாவது உங்க தம்பி இப்ப இருக்கறதுலயே மோசமான நாள்ல நிக்கிறாரு. இந்த நேரத்துல கொஞ்சமா வாங்கி குடுத்தா நாலு நாள் பட்ட கஷ்டம் வீணா போயிடும்.

இந்த போதைய விட வைக்கன்னு தனி மாத்திரை இதுவரைக்கும் கிடையாது, கவுன்சிலிங்தான் முக்கிய வைத்தியம். தூக்கத்துக்கு தேவைப்பட்டா டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதுவாங்க, மெடிக்கல்ல நீங்களா கேட்டு தூக்க மாத்திரை வாங்கிடாதீங்க, ஒண்ண விட்டு இன்னொண்ண புடிச்ச பசங்கள நெறைய பாக்கறேன். போலீஸ் பயம் வேண்டாம், நோயாளி விவரத்த ரகசியமா வைக்கணும்னு அந்த 2017 சட்டத்துலயே இருக்கு. போதை மருந்து தடுப்புச் சட்டத்துல கூட 64ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பயன்படுத்துனதுக்கோ கொஞ்ச அளவு வச்சிருந்ததுக்கோ கேஸ் ஆனவங்க தானா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள எடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா அந்த வழக்குலேர்ந்து விலக்கு உண்டு. ஆஸ்பத்திரிக்கு போக முடியலன்னா 14446 போதை மீட்புக்கு, 14416 டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி போன், ரெண்டும் இலவசம்தான்.

ஆனா காதுல யாரோ பேசற மாதிரி இருக்குன்னு சொன்னாலோ, சோத்துல விஷம் வச்சிட்டீங்கன்னு சந்தேகப்பட்டாலோ, சாகணும்னு பேசினாலோ காத்திருக்காதீங்க, அன்னிக்கு ராத்திரியே கூட்டிட்டு வந்துடுங்க. அது வித்ட்ராயல் மட்டும் இல்ல.

அரசலாத்துக்காரன்:
மாமா, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க, என்னையும் ஒரு எடத்துல 45 நாள் அடைச்சாங்க. கைய கட்டி போட்டாங்க, டாக்டர்னு ஒருத்தர கண்ணுலயே காட்டல. வெளிய வந்த அன்னிக்கே பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நேரா போய் இழுத்தேன். கடைசியா விட்டது புரட்டாசி சம்பா நடவுல. அண்ணன் என்னைய ஒண்ணுமே கேக்காம விடிகாலை நாலரைக்கு எழுப்பி நாத்து முடிய கையில குடுத்துட்டாரு. ஏதோ பெரிய உழைப்பாளி ஆயிட்டேன்னு சொல்ல வரல அக்கா, பகல்ல உடம்பு ஓஞ்சாதான் ராத்திரி மூணு மணி நேரமாவது கண்ணு சொக்கும், அதுக்குத்தான் சொல்றேன். சோறு இறங்கலன்னா நீராகாரம் குடுங்க, மோர் குடுங்க, ரெண்டு வாரத்துல பசி தானா வரும். அந்த ஆறு மணிக்கு மட்டும் அவன தனியா விடாதீங்க.

வெண்ணாத்தங்கரை அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செவ்வாக்கிழமை நானும் அவனும் மட்டும் பெரியாஸ்பத்திரிக்கு போயிட்டு வந்தோம், யாரும் அதட்டல, மிரட்டல, அடுத்த வாரம் திரும்ப வர சொல்லியிருக்காங்க. இன்னிக்கு பதினொண்ணாவது நாள். நேத்து அஞ்சு மணி நேரம் தூங்கியிருக்கான். அந்த கனவு விஷயத்த படிச்சு காட்டுனதும் போன வாங்கி திரும்ப திரும்ப அவனே படிச்சான், எனக்கு மட்டும்தான்னு நெனச்சேங்க்கா அப்படின்னான். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டாங்க, அது அவங்களுக்கு ஆறுதல், நான் தடுக்கல. அப்பா இன்னும் அவன்கிட்ட பேசல. தம்பி அரசலாத்துக்காரன், மதகு கூட்டத்துல ஒருத்தன் தெனம் சாயங்காலம் பைக்க வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிக்கிறான், அவன என்ன சொல்லி அனுப்பறது?

அரசலாத்துக்காரன்:
நீங்களே வெளிய போய், அவன் இல்லப்பா, இனிமே வரமாட்டான்னு சொல்லிடுங்க அக்கா, சண்டையெல்லாம் வேண்டாம். தம்பிய போன் நம்பர மாத்த சொல்லுங்க, நான் மாத்துனேன். ஆறு மணிக்கு அப்பாவோட போர் செட்டுக்கு அனுப்ப முடியுமா பாருங்க, ரெண்டு பேரும் பேசிக்கலன்னாலும் பரவால்ல, எங்கப்பாவும் பத்து நாள் பேசாமதான் கூட வந்தாரு.