ஒரே தாய்க்கிழங்கு, சேலத்தில் முந்தி, ஏற்காட்டில் பிந்திப் பூப்பது ஏன்?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

அம்மா ஏற்காட்டு வீட்டு வாசலில் ஃபுட்பால் லில்லி வைத்திருந்தார். கோடையில் சிவப்புப் பந்து மாதிரி பூக்குமே, அதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குத்தைப் பிரித்துப் பத்துக் கிழங்கு இங்கே கொண்டுவந்தேன். இந்த வருஷம் சித்திரை பிறந்த வாரமே மொட்டை மாடித் தொட்டியில் மூன்று பூ. கீழே மாமரத்தடியில் வைத்தது இருபது நாள் கழித்துத்தான் பூத்தது. ஏற்காட்டில் அண்ணன் வீட்டில் வைகாசி பிறந்தும் வெறும் மொட்டு. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அப்புறம் ஏன் இப்படி? இரண்டு கிழங்கு இலை மட்டும் விட்டு நிற்கிறது. அம்மா கையால் வைத்த செடி, அழுகிப் போகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் (நாகலூர், ஏற்காடு)

பயப்படாதீங்க அக்கா, கிழங்கில் குறை இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும். கூட்டிப் பார்த்தால் ஏழு டிகிரி வித்தியாசம். மண் சூடேறினால்தான் கிழங்கு விழிக்கும். மாடித் தொட்டி எல்லாப் பக்கமும் வெயில் வாங்குகிறது, மாமர நிழலில் மண் மெதுவாகத்தான் சூடாகும்.

அடுத்தது ஈரம். எங்கள் காப்பியைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளை. எதிர்ச் சரிவில் அந்த மழை தப்பினால் அங்கே பூ தள்ளிப் போகும். உங்கள் தொட்டிக்கு நீங்கள் ஊற்றும் தண்ணீரே முதல் மழை.

இலை மட்டும் விட்டவை சின்னப் பக்கக் கிழங்குகளாக இருக்கும். இலையை வெட்டிவிடாதீங்க. அடுத்த பூவுக்கான சாப்பாட்டை அதுதான் சேர்க்கிறது. தானாகப் பழுத்துக் காயட்டும்.

பதில் (ஓமலூர்)

ஸ்ரீநகர் துலிப் தோட்டத்துக்கு ஒரு ஏப்ரலில் போயிருந்தேன். ஒரு வரிசை உதிர்கிறது, பக்கத்து வரிசை அப்போதுதான் மொட்டு. முந்தி, நடுவில், பிந்திப் பூக்கும் ரகங்களைக் கலந்து நடுகிறார்களாம், தோட்டம் ஒரு மாதம் தாங்கும். ஆசைப்பட்டு நம்மூரில் வாங்கி வைத்துவிடாதீர்கள். துலிப்புக்கு மூன்று மாதம் போல நல்ல குளிர் வேண்டும், ஏற்காட்டு மார்கழிகூடப் பத்தாது.

கேட்டவர்

நன்றி தம்பி. இரண்டையும் ஓரமாகத் தோண்டிப் பார்த்தேன். எலுமிச்சை அளவுகூட இல்லை, ஆனால் கெட்டியாக இருக்கிறது. மண்ணை மூடி, மக்கின சாணம் போட்டுவிட்டேன். அண்ணன் இன்று காலையில் போட்டோ அனுப்பினார். அம்மா வாசலில் நாலு பூ.